சாவி தொங்கிய ஆணியும் முறுக்குச் சம்படமும்

திருநெல்வேலி டவுனில் என் அக்கா குடியிருக்கும் தெருவில் காருக்கென்று தனி இடம் எந்த வீட்டுக்கும் கிடையாது. வீட்டுப் படிக்கும் காருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். மிச்சமிருக்கும் தெருவில் ஆட்டோ போக வேண்டும். போன மாதம் ஒரு விடியற்காலையில் பால்காரர் அந்த இடைவெளியில் நின்று, அக்கா பாத்திரம் எடுத்து வரும்வரை காரில் கை ஊன்றியிருக்கிறார். கை பட்ட இடம் கதவுப்பிடி. 'கீக்' என்று ஒரு சத்தம். மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் காதுகள்போல் விரிந்தன. கதவுகளின் பூட்டு விடுபட்டது. மனிதர் அரண்டுபோய், தான் எதையும் செய்யவில்லை என்று அக்காவிடம் மூன்று முறை சொன்னாராம்.

அவர் சொன்னது சரிதான். சாவி வீட்டின் முன்பகுதியான தார்சாவில், சன்னலோரத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கார், இந்தப் பக்கம் சாவி. இடையில் ஒரு மீட்டர் தேறுமா என்பதே சந்தேகம். சாவி அருகில் இருந்தால், கதவுப்பிடியைத் தொட்டாலே திறந்துகொள்ளும் வகைக் கார் அது. உரிமையாளர் சாவியோடு அருகில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டது.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் என்கிற ஒரே குற்றத்துக்காக, குடும்பத்தில் மிக்ஸி முதல் இன்வெர்ட்டர் வரை எது தகராறு செய்தாலும் வழக்கு என்னிடம்தான் வரும். அத்தான் அன்றே கூப்பிட்டார். காரின் பாதுகாப்புக்கு ஏதாவது வாங்கிவிட வேண்டும், ஆனால் எதை வாங்குவது? மருமகன், அதாவது அக்கா மகன், ஜிபிஎஸ் கருவி என்கிறான். எதிர்வீட்டு அண்ணாச்சி ஸ்டீயரிங் பூட்டு என்கிறார். கார் அலங்காரக் கடைக்காரர் ஒருவர் சைரன் வைத்த புது அலாரத்தைத் தலையில் கட்டப் பார்க்கிறார். அக்கா மட்டும், சாவியை முறுக்கு வைக்கும் எவர்சில்வர் சம்படத்துக்குள் போட்டு மூடினால் என்ன என்று கேட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அதே வாரத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து என் மச்சினன் வேறொரு கேள்வியோடு வந்தான். புதுக் கார் பதிவு செய்யப் போகிறான். ஒரே மாடலில் சாவியைத் திருகி ஓட்டும் வகை ஒன்று, பொத்தானை அமுக்கி ஓட்டும் வகை ஒன்று. எதை எடுக்கலாம், அத்தான், என்றான். எனக்கு அத்தான் ஒருவர், என்னை அத்தான் என்பவன் இன்னொருவன். இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கார் ஏமாறும் விதம்

கதவுப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு குரல் கொடுக்கிறது. ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் போகும் அந்தக் குரல் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் கேட்காது. ஆனால் செங்கற்சுவர் அதற்கு ஒரு தடையே இல்லை. குரல் கேட்ட சாவி, கார் போட்ட ரகசியக் கணக்குக்கு விடை கண்டு, வேறு அலைவரிசையில் பதில் அனுப்புகிறது. நம் நாட்டுக் கார்களில் அது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். விடை சரியாக இருந்தால் கதவு திறக்கும், பொத்தானை அமுக்கினால் எஞ்சின் ஓடும்.

கார் சோதிப்பது விடை சரியா என்பதை மட்டுமே. சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அது அளப்பதில்லை. தன் குரல் ஒன்றிரண்டு மீட்டர்தான் கேட்கும், எனவே பதில் சொன்னவன் அதற்குள் இருப்பான் என்று அனுமானித்துக்கொள்கிறது. ஓட்டை இந்த அனுமானத்தில் இருக்கிறது. ஒருவன் காரின் அருகே ஒரு கருவியோடு நிற்கிறான், இன்னொருவன் வீட்டுச் சுவரோரம் மற்றொரு கருவியோடு நிற்கிறான். காரின் கேள்வியை முதலாமவன் இரண்டாமவனுக்குக் கடத்துகிறான், அது சுவரைத் தாண்டிச் சாவிக்குக் கேட்கிறது, சாவியின் பதில் வந்த வழியே திரும்புகிறது. ரகசியக் கணக்கை யாரும் உடைக்கவில்லை. சரியான சாவியே சரியான விடையைச் சொல்லிவிட்டது, அதுவும் ஆணியில் தொங்கியபடி. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு சாவி விலகிப் போனாலும் அது நிற்காது. நடுச்சாலையில் கார் திடீரென்று நின்றால் ஆபத்து என்பதால் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை ஒலி மட்டும் வரும், திருடனுக்கு அது ஒரு பொருட்டல்ல.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 2011ஆம் ஆண்டிலேயே சூரிக் நகரின் ஈடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சியோன், டானெவ், சாப்குன் ஆகிய மூவரும் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களை இப்படிச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி அதன்பின் நூற்றுக்கணக்கான மாடல்களைச் சோதித்து வருகிறது. அவற்றிலும் பெரும்பாலானவை ஏமாறுகின்றன.

வேறு வழிகளும் இருக்கின்றன. மிக எளியது அலைமறிப்பு. நீங்கள் நடந்துகொண்டே ரிமோட்டின் பூட்டுப் பொத்தானை அமுக்குகிறீர்கள். அருகில் ஒருவன் அதே அலைவரிசையில் இரைச்சலைப் பரப்புகிறான். கார் பூட்டவில்லை, நீங்கள் கவனிக்கவில்லை. திருகுசாவிக் கார்களுக்கும் இது பொருந்தும். 2015இல் சாமி கம்கார் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். ஒவ்வொரு முறையும் ரிமோட் அனுப்பும் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதை மறித்து, பதிவுசெய்து, பயன்படாத ஒரு குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு திறக்கும் சிறு கருவியைச் செய்துகாட்டினார். 2018இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியையே பிரதி எடுத்துக் காட்டினார்கள். அதில் இருந்த ரகசிய எண்ணின் நீளம் 40 பிட்டுகள்தான். அவ்வளவு விலையுள்ள காருக்கு அந்தப் பூட்டு என்பது அரண்மனைக் கதவுக்குக் கொக்கி மாட்டியதுபோல.

இன்னும் முரடான வழி, காரின் உள்ளே ஓடும் கம்பிகளைப் பிடிப்பது. லண்டனில் இயன் டேபர் என்ற கார் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த டொயோட்டா காரே 2022இல் திருட்டுப் போனது. முகப்பு விளக்குக்குப் போகும் கம்பி வழியாகக் காரின் உள்வலைப்பின்னலுக்குள் பொய்ச் செய்தியைச் செலுத்தியிருந்தார்கள் என்று அவரும் வாகன மின்னணு வல்லுநர் கென் டிண்டெலும் 2023இல் விளக்கி எழுதினார்கள். திருடர்களின் கருவி ப்ளூடூத் ஸ்பீக்கர் போன்ற கூட்டுக்குள் இருந்ததாம்.

நம் நாட்டுக்கு நெருக்கமானது அடுத்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் கணினியை இணைக்கும் ஓபிடி என்ற சொருகுவாய் இருக்கிறது. சில நிமிடங்கள் அதில் சாவிப் பதிவுக் கருவியை மாட்டினால் புதுச் சாவி ஒன்றைக் காருக்கு அறிமுகப்படுத்திவிடலாம். டெல்லியில் பிடிபட்ட கார் திருட்டுக் கும்பல்கள் பலவற்றிடம் போலீசார் கைப்பற்றியது இப்படிப்பட்ட கருவிகளைத்தான்.

எங்கள் பகுதியைப் பொறுத்தவரை என் கணிப்பு இது. இரண்டு கருவிகளோடு இரண்டு பேர் ரத வீதிக்குப் பின்னால் இரவில் உலவுவதைவிட, சாவியே கைமாறும் தருணங்கள்தான் நமக்குப் பெரிய ஓட்டை. குற்றால சீசனில் வண்டியை நகர்த்தி நிறுத்துவதற்காக முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அருவிக்குப் போகிறோம். வாட்டர் வாஷ் கடையில் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். திருச்செந்தூருக்கு ஆக்டிங் டிரைவரை வைத்துப் போய், நாழிக்கிணற்றில் குளித்துத் தரிசனம் முடித்து வரும்வரை சாவி அவரிடம்தான் இருக்கிறது. இவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நல்லவர்கள். ஆனால் புதுச் சாவி பதிவுசெய்யப் பத்து நிமிடம் போதும்.

எனவே அத்தானிடம் நான் கேட்ட கேள்வி, கதவு திறப்பதைத் தடுக்க வேண்டுமா, கார் ஓடுவதைத் தடுக்க வேண்டுமா என்பது. பால்காரர் கை பட்டுக் கதவு திறந்தது அவரை உலுக்கிவிட்டது. எனக்கென்னவோ கதவு திறந்தால் போவது குடையும் கூலிங் கிளாசும்தான். கார் போவது வேறு கணக்கு.

சம்படமா, உறையா?

அக்காவின் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சிரித்தவர்கள்தான் தவறு. உலோகப் பெட்டி சுற்றிலும் முழுதாக மூடியிருந்தால் ரேடியோ அலை உள்ளே போவதும் வெளியே வருவதும் பெருமளவு மட்டுப்படும். ஃபாரடே உறை என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் பைகளில் இருப்பதும் இதே சங்கதிதான், துணிக்குள் உலோக வலை வைத்துத் தைத்திருப்பார்கள். எவர்சில்வர் சம்படம் தேய்வதில்லை. உறையோ மடித்து மடித்து வலை விரிசல் கண்டு, சில மாதங்களில் வெறும் பையாகிவிடும். அது எப்போது கெட்டுப்போனது என்பது கண்ணுக்கும் தெரியாது.

ஆனால் எல்லாச் சம்படமும் ஒன்றல்ல. மூடி தளர்வாக இருந்தால் அந்த இடுக்கு வழியாக 433 மெகாஹெர்ட்ஸ் கசியும். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மூன்று பாத்திரங்களைச் சோதித்தோம். சாவியை உள்ளே போட்டு மூடி, காரின் கதவுப்பிடியருகே வைத்துத் தொட்டுப் பார்ப்பது ஒரு சோதனை. ஓட்டுநர் இருக்கையில் வைத்து ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டிலும் தேற வேண்டும். தூக்குவாளி முதல் சோதனையிலேயே தோற்றது. பழைய பிஸ்கட் டின் கதவுச் சோதனையில் தேறி, ஸ்டார்ட் சோதனையில் கோட்டைவிட்டது. இறுக்கமான மூடி போட்ட முறுக்குச் சம்படம் இரண்டிலும் தேறியது. அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

செலவே இல்லாத இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பழைய வீடுகள் தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்று தெருவிலிருந்து உள்ளே உள்ளே போகும். ஆணியைத் தார்சாவிலிருந்து பிடுங்கி அரங்குக்குக் கொண்டுபோனாலே கடத்துகிறவனின் வேலை கடினமாகும். மேலும், பீரோவில் கிடக்கும் இரண்டாவது சாவியும் காரின் குரலுக்குப் பதில் சொல்லும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. முதல் சாவியைச் சம்படத்தில் போட்டுவிட்டு இரண்டாவதைத் தெருவோர அலமாரியில் வைத்தால் என்ன பயன்? அதிலுள்ள வட்ட பேட்டரியைக் கழற்றி வைத்துவிடலாம். பேட்டரி இல்லாத சாவியையும் ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலான கார்கள் ஓடும், உள்ளே மறைந்திருக்கும் சின்ன உலோகச் சாவியால் கதவைத் திறக்கலாம். ஆக அவசரத்துக்கு அது உதவும்.

சில சாவிகள் தாமே உறங்கிவிடும். ஃபோர்டு 2019இல் பிரிட்டனில் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களுக்குக் கொடுத்த சாவி, 40 வினாடி அசையாமல் இருந்தால் பதில் சொல்வதை நிறுத்திவிடும். டொயோட்டாவின் பல சாவிகளில் பூட்டுப் பொத்தானைப் பிடித்தபடி திறப்புப் பொத்தானை இரு முறை அமுக்கினால் உறக்கநிலைக்குப் போகும். காரோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். அத்தானின் கையேடு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

இவ்வளவும் சேர்ந்து தடுப்பது கடத்தல் வழி ஒன்றை மட்டுமே. ஓபிடி சொருகுவாய்க்கும் விளக்குக் கம்பிக்கும் சம்படத்தைப் பற்றிக் கவலையில்லை.

இரும்பும் கம்பியும்

ஸ்டீயரிங் பூட்டு பார்ப்பதற்குக் கர்நாடகம். ஆனால் மேலே சொன்ன எல்லா எலக்ட்ரானிக் வழிகளுக்கும் பிறகு அது அப்படியே குறுக்கே நிற்கிறது. அறுக்கலாம், வெட்டலாம், மறுக்கவில்லை. அதற்கு நேரமும் சத்தமும் வேண்டும். இருமல் சத்தம் நாலு வீடு கேட்கும் தெருவில் அது பெரிய விலை. ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கொடுத்தால் உருப்படியானது கிடைக்கும். இதன் உண்மையான பலவீனம் உரிமையாளரின் சோம்பல். அத்தான் முதல் வாரம் மாட்டுவார், இரண்டாம் வாரம் பின் இருக்கையில் கிடக்கும், மூன்றாம் வாரம் டிக்கியில். தினமும் மாட்டும் பழக்கம் வராது என்று தெரிந்தால் கியர் பூட்டு பார்க்கலாம். நிரந்தரமாகப் பொருத்தியிருப்பதால் சாவியைத் திருப்புவதோடு வேலை முடியும். அதற்காகக் காருக்குள் துளைபோட வேண்டியிருந்தால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எரிபொருள் பம்புக்குப் போகும் மின்சாரத்தை மறைவான ஒரு சுவிட்சால் துண்டிப்பது எனக்குப் பிடித்த வழி, அதை நான் அத்தானுக்குச் சொல்லவில்லை. பழைய காருக்கு அது அருமையான காவல். வாரன்டி உள்ள காரில் கம்பியை வெட்டினால் வாரன்டி போகும். கைதேராதவர் வெட்டினால் ஓடும்போது வண்டி நின்றுவிடும். என் பழைய காரில் ஒரு மெக்கானிக் இதைச் செய்துகொடுத்தார். கங்கைகொண்டான் தாண்டி நான்குவழிச் சாலையில், லாரிக்கு முன்னால், எஞ்சின் அணைந்தது. இணைப்பை நாடா சுற்றி விட்டிருந்தார், பற்றவைக்கவில்லை.

ஜிபிஎஸ் கருவியைப் பற்றி மருமகனிடம் நீண்ட வாக்குவாதம். அது காரைக் காப்பதில்லை, கார் எங்கே போனது என்று சொல்கிறது. இரவு 2 மணிக்குக் கார் கிளம்பி, அத்தான் 6 மணிக்கு எழுந்து தேடினால் நடுவில் 4 மணி நேரம். அதற்குள் மதுரையைத் தாண்டியிருக்கலாம், அல்லது புளியரை வழியாகக் கேரளத்துக்குள் வெகுதூரம் போயிருக்கலாம். நகர்ந்தால் போனில் எச்சரிக்கை வரும் என்றான் மருமகன். அத்தானின் போன் இரவில் ஊமை என்றேன். தவிர, ஜிபிஎஸ்ஸை ஊமையாக்கும் அலைமறிப்புக் கருவிகளும் உண்டு. ஆனாலும் அடிக்கடி ஆக்டிங் டிரைவர் வைப்பவர்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்கும் இது முதல் தேவை என்பேன். காரோடு வந்த இணைய வசதியே சில மாடல்களில் இருப்பிடத்தைக் காட்டும், திருட்டு உறுதியானால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கவும் செய்யும். அதன் சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதுக் கருவிக்குச் செலவிடலாம்.

சைரன் அலாரம் வேண்டாம். கண்ணாடியைத் தட்டினால் கத்தும், பூனை ஏறினால் கத்தும், ஆனித் தேரோட்டத்து வெடிச்சத்தத்தில் தெரு முழுக்கக் கார்கள் கத்தும். பத்தாவது முறை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

மச்சினனின் கேள்வி

திருகுசாவி வகையில் ரிமோட், பொத்தானை அமுக்கும்போது மட்டுமே பேசும். ஆணியில் தொங்கும்போது பேசாது. கடத்தல் வழி அங்கேயே அடைபடுகிறது. அதற்காகத் திருகுசாவி என்றாலே பத்திரம் என்று எண்ணிவிடவும் கூடாது. அமெரிக்காவில் சில ஆண்டுகளுக்கு முன் கியா, ஹூண்டாய் கார்கள் கூட்டம் கூட்டமாகத் திருடப்பட்டபோது மாட்டிக்கொண்டவை திருகுசாவிக் கார்களே. சாவியின் சிப்பை அடையாளம் பார்த்து எஞ்சினை அனுமதிக்கும் இம்மொபிலைசர் அவற்றில் இல்லை. யுஎஸ்பி கம்பியின் முனையால் திருகி ஓட்டிப் போனார்கள். அந்த நிறுவனங்களின் பொத்தான் கார்களில் இம்மொபிலைசர் இருந்ததால் அவை தப்பின. ஆகவே எந்த வகையை எடுத்தாலும் அது இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் முதலில் கேள் என்று மச்சினனிடம் சொன்னேன்.

அவன் வீட்டில் சுற்றுச்சுவரும் பூட்டும் கேட்டும் உண்டு, கார் நிற்பது உள்ளே. கடத்தல் வழியை நினைத்து மட்டும் அவன் திருகுசாவி உள்ள கீழ்வகைக்கு இறங்க வேண்டியதில்லை. மேல்வகையில் கூடுதல் ஏர்பேக் இருக்கிறதென்றால் அதற்காகவே எடுக்கலாம். உயிருக்குப் பிறகுதான் பூட்டு. தூரத்தை அளக்கும் யுடபிள்யூபி (அல்ட்ரா வைட்பேண்ட்) வகைச் சாவி இருக்கிறதா என்றும் கேட்கலாம். ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் போகும், அந்தப் பயண நேரத்தை அளந்து சாவி உண்மையில் எங்கே இருக்கிறது என்று அது கண்டுபிடித்துவிடும். இப்போதைக்கு அது விலை உயர்ந்த கார்களின் சமாசாரம்.

ஒன்றை மட்டும் செய்யாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். கீழ்வகையை வாங்கி, வெளிக்கடையில் ஸ்டார்ட் பொத்தான் பொருத்துவது. இம்மொபிலைசர் சம்மதித்தால்தான் எஞ்சின் ஓடும் என்பதால், பொருத்துபவர் பல நேரம் இரண்டாவது சாவியின் சிப்பை எடுத்துக் காருக்குள்ளேயே நிரந்தரமாக ஒட்டிவிடுவார். வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போவதுபோல. அதற்குக் காசும் கொடுக்க வேண்டும்.

இன்சூரன்ஸ்

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கார் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீட்டில் வருவதும் வாங்கிய விலை கிடையாது. வழக்கமான கணக்கில் மூன்றாம் ஆண்டில் 30 சதவீதம் கழித்த மதிப்புதான். வித்தியாசத்தை ஈடுகட்டும் கூடுதல் காப்பு புதுக் காருக்கு எடுப்பது நியாயமான செலவு. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு என்று கடைக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். மோட்டார் டாரிஃப் விதியில் அது சொந்தச் சேதப் பிரீமியத்தில் இரண்டரை சதவீதம், உச்சவரம்பு 500 ரூபாய். அதை நம்பி எதையும் வாங்க வேண்டாம். திருட்டுக்கு இழப்பீடு கேட்கும்போது நிறுவனங்கள் முதலில் கேட்பது எஃப்ஐஆரும் இரண்டு சாவிகளும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அங்கேயே கேள்விகள் தொடங்கிவிடும்.

கடைசியில் அத்தானுக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் நான்கு விஷயங்கள்தான் இருந்தன. சம்படம், அரங்குக்குள். ஸ்டீயரிங் பூட்டு, தினமும். வெளியூரில் பூட்டும்போது பக்கக் கண்ணாடி மடங்குகிறதா என்று நின்று பார்ப்பது. கதவை இழுத்துப் பார்க்க வேண்டாம், சாவி சட்டைப்பையில் இருந்தால் பல கார்களில் இழுக்கும்போது மறுபடி திறந்துகொள்ளும். இதை வைத்தே குற்றாலத்தில் கார் பூட்டவில்லை என்று அக்காவும் அத்தானும் கால் மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார்கள். நான்காவது, அடுத்த சர்வீஸின்போது காரில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று கணினியில் பார்த்துச் சொல்லச் சொல்வது. இரண்டுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையிலிருக்கும் சாவிகளை மட்டும் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டும்.

சீட்டைப் படித்துவிட்டு அத்தான் இரண்டாவது சாவியை எடுக்கப் பீரோவைத் திறந்தார். மூன்று தட்டுகளையும் குடைந்தார், இல்லை. அக்காவின் நகைப்பெட்டியிலும் இல்லை. மறுநாள் அது மருமகனின் கல்லூரிப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடைத்தது. எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு அவனிடமிருந்து இன்னும் பதில் இல்லை.